ஐம்பத்தெட்டு மீன்களும் ஆணியில் இருந்தன

காரமடை,
20.5.1997

கர்த்தருக்குள் பிரியமான மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ மஸ்கட்டில் இரவு டூட்டி முடிந்து வந்து, தூங்காமல் கொள்ளாமல் இந்தக் கடிதத்தைப் பிரிப்பாய் என்று தெரியும். முதலில் சாப்பிடு. பிறகு படி. அவசரம் ஒன்றுமில்லை.

மில் திறக்கிற பேச்சே இல்லை. ஸ்பின்னிங்கில் இருபத்தாறு வருசம் நின்ற கால், சும்மா உட்கார்ந்தால் தானாக ஆடுகிறது. “காலை ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது” என்கிறாள் அம்மா. ஆட்டாமல் இருக்கும்போதே மில்லை மூடிப்போட்டார்கள், இனி ஆட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து கிடக்காமல் இந்த வருசம் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, உங்கள் பாஷையில் வி.பி.எஸ்.ஸுக்குப் போய் உன்னுடைய வகுப்பை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தாய் அல்லவா, போனேன். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் தேறாதவனுக்கு ஒரு வகுப்பையே கொடுத்தார்கள் என்றால், சபையில் டீச்சருக்கு எவ்வளவு பஞ்சம் என்று பார்த்துக்கொள். ஞானஸ்நானத்தில் எனக்கு சாலமோன் என்று பேர் வைத்தார்கள். பேர் வந்து சேர்ந்தது. ஞானம் வருகிற வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. மே ஐந்தாம் தேதி தொடங்கி காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையை ஆட்டி இடுப்பை வளைத்து ஆக்‌ஷன் பாட்டுப் பாடினேன். பிள்ளைகள் எனக்கு மீசை அங்கிள் என்று பேர் வைத்தார்கள். சபைப் பிள்ளைகளைவிட ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தன. கறிவேப்பிலை ஒடிக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பன்னுக்கும் கலர் பென்சிலுக்கும் வந்தன என்று சபைச் செயலாளர் அப்புசாமி சொல்வார். எதற்கு வந்தால் என்ன, வந்தன.

உன் காலத்தில் பிள்ளைகளுக்கு வட்டமான பேர் அட்டை. இந்த வருசம் மீன் மாதிரி வெட்டி, பேர் எழுதி, ஊக்கு குத்திக் கொடுத்தோம். நீ ஏற்படுத்திய வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. வீட்டுக்குப் போகும்முன் ஒவ்வொரு பிள்ளையும் அட்டையைக் கழற்றிப் பலகையில் அதற்கான ஆணியில் மாட்டும். ஆணி எல்லாம் நிறைந்த பிறகுதான் மணி. மொத்தம் ஐம்பத்தெட்டு மீன்.

இப்போது ஒரு துக்கமான காரியம். வேறு யாராவது சொல்லி நீ பதறக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். போன வியாழக்கிழமை, ஒன்பதாம் நாள், சபைக்குப் பின்னால் பொங்கியண்ணன் தோட்டத்துக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்து இறந்துபோனது. உன் வகுப்பில் இரண்டு வருசம் படித்த எழிலின் தம்பி, மாசாணம். மூன்று வயது. பாவாத்தாள் மகன். கோடையில் கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுதான். மூன்று வயசுக்கு அது போதும்.

அந்தக் குழந்தை நம்முடைய வி.பி.எஸ்.ஸில் சேர்ந்த குழந்தை இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை என்பது உனக்கே தெரியும். பேர் இல்லை, அட்டை இல்லை. அன்றைக்கு ஐம்பத்தெட்டு மீன்களும் ஆணியில் இருந்தன. மணி அடித்த பிறகு, அக்காவைத் தேடிக்கொண்டு வேலிச் சந்து வழியாகத் தானாக வந்திருக்கிறது என்கிறார்கள். சனிக்கிழமை போலீஸ் ஏட்டும் வி.ஏ.ஓ.வும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் எழில் ஏதோ சொல்லுகிறது. குழந்தைதானே, பயத்தில் எதையாவது சொல்லும்.

நிறைவு விழா வைக்கவில்லை. வாங்கிய பரிசுப் பெட்டி எல்லாம் ஆலயத்தில் மூலையில் கிடக்கிறது.

உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை. உனக்கு எத்தனையோ வேலை. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
சாலமோன் அங்கப்பன்


காரமடை,
12.6.1997

என் கண்ணு அன்புக்கரசிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவள், இந்த முறை நாலு வரி. அதில் மூன்று வரி அம்மாவின் முட்டிவலிக்கு. கடைசி வரி எனக்கு. “எழில் அவனக் கீழயே உடமாட்டாளேப்பா, இடுப்புலயே வெச்சிருப்பா. அன்னைக்கு அவன யாருகிட்டக் குடுத்தா?”

என்னிடம் கொடுத்தாள்.

முந்தின கடிதத்தில் ‘இப்போது ஒரு துக்கமான காரியம்’ என்று தொடங்குகிற இடத்திலிருந்து கிழித்துப்போடு. குழந்தை செத்தது ஒன்றுதான் அதில் நிஜம்.

இரண்டாம் நாள் காலையில் எழில் கேட்டில் நின்றாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஆத்தா தோட்டத்துக்குப் போய்விட்டாள், அப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தம்பியை வெளியே விடு என்றால் அவளும் வெளியேதான் நிற்க வேண்டும். “அங்கிள், இவன் சத்தமே போடமாட்டானுங்க. ஒரு மூலையில குந்தியிருப்பானுங்க” என்றாள். நான் பெரிய மனுசனாக, “எம்பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். செயலாளர் கண்ணுல மட்டும் பட்டறாம பாத்துக்கோ” என்றேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு அடி உயரம் கூடிப்போனது.

எட்டு நாள் அவன் என் பக்கத்தில்தான் இருந்தான். அப்புசாமி சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் கரும்பலகைக்குப் பின்னால் உட்கார வைப்பேன். மூச்சு விடமாட்டான். பன்னில் பாதியை நான் தின்றதாகக் கணக்கு, தின்றது அவன். அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம். தோட்டத்தில் மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் ஓடினால், குழாயில் தண்ணீர் கிணற்றடித் தொட்டியில் கொட்டுவதைப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டதும் ‘டுர்ர்’ என்று என் விரலைப் பிடித்து இழுப்பான். பிள்ளைகள் ஒண்ணுக்குப் போவதற்கென்று கிளுவை வேலியில் இந்த வருசம் ஒரு சந்து விட்டிருந்தோம். அதன் வழியாகத் தினமும் ஒரு தடவை தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன். அந்த வழியை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் அம்மணி.

வியாழக்கிழமை நிறைவு விழாவுக்கு ஒத்திகை. பாட்டுக் குழுவில் எழில் முன் வரிசை. போகும்போது தம்பியின் கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, “புடிச்சுக்கோங்க அங்கிள், பாட்டு முடிஞ்சதீமு வந்தர்றனுங்க” என்றாள். பிடித்துக்கொண்டேன். அப்போது நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் கோலியாத்து. கோணிப்பை உடுப்பு, அட்டையில் கேடயம், உங்கம்மா பித்தளை அண்டா தலையில். பையனைப் பெஞ்சில் உட்கார வைத்து, இங்கேயே இரு சாமி என்று சொல்லிவிட்டுப் போனேன். தாவீதின் கல் பட்டு நான் விழ வேண்டும். விழுந்தேன். அண்டா உருண்டு ஓடியது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “இன்னொருக்கா உளுங்க அங்கிள், இன்னொருக்கா!” என்று கத்தினார்கள். வருசக்கணக்காக மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றவனைப் பார்த்து யார் அப்படிச் சிரித்தார்கள்? மறுபடி விழுந்தேன். நாலு தடவை விழுந்தேன்.

மூன்றாம் தடவை விழுந்து கிடந்தபோது மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தரையில் காது வைத்துக் கிடந்ததால் நன்றாகவே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் மாசாணம் என்ன செய்வான் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் எழுந்து அண்டாவைத் தேடி எடுத்து மறுபடி தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

பிறகு அட்டைகளை மாட்டினோம். எண்ணினேன். ஐம்பத்தெட்டு. மணி அடித்தேன், ஜெபம் பண்ணினேன். பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்து, அக்காக்காரி தூக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அட்டையை எண்ணி எண்ணித் தலையை எண்ண மறந்துபோன மடையன். ஆலய வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது எழில் வந்து, “தம்பி எங்கீங்க?” என்று கேட்டாள்.

கிணற்றில் இறங்கினதும் நான்தான். எடுத்ததும் நான்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதச் சொல்லாதே.

இதைவிடக் கேவலம் சனிக்கிழமை நடந்தது. ஏட்டு வருவதற்கு முன்னால் அப்புசாமி என்னை உள்ளே கூப்பிட்டார். “இதா பாரு சாலமோன், அட்டை இல்லாத பிள்ளை நம்ம பிள்ளை இல்லை. அதை மட்டும் சொல்லு. கேஸுன்னு வந்தா கூட இருந்த ரெண்டு டீச்சர் புள்ளைகளையும் ஸ்டேஷன்ல உக்கார வெப்பாங்க. ஒருத்திக்கு ஆவணியில கல்யாணம். ஊருக்குள்ள நாம இருக்கறதே இருபது ஊடு. அடுத்த வருசம் எவன் புள்ளைய அனுப்புவான்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயத்தில்தான் சொன்னார். பொங்கியண்ணனுக்கும் கிணற்றுக்குச் சுவர் கட்டாத பயம். “விதிங்க, யாரு என்ன பண்றது” என்று அவரும் சொல்லிவிட்டார்.

எழிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் என்னைக் கை காட்டி, “மீசை அங்கிள்கிட்டத்தானுங்க குடுத்தேன்” என்றாள். ஏட்டு என் பக்கம் திரும்பி, “என்னய்யா, குடுத்துச்சா?” என்றார்.

“இல்லீங்க. எங்கிட்டக் குடுக்கலீங்க” என்றேன்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த கதையை ஆறாம் நாள் இந்த வாயால்தான் வகுப்பில் சொன்னேன். சேவல் மாதிரி கூவிக்கூடக் காட்டினேன்.

பாவாத்தாள் பிள்ளையைக் கூட்டத்தில் வைத்தே அறைந்தாள். “தம்பியத் தண்ணிக்குக் குடுத்துப்போட்டுப் பொய் வேற சொல்லறயா” என்று அறைந்தாள். எழில் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தும் அவளை அனுப்பவில்லை. சொந்தக்காரர்கள் தம்பியைத் தின்னவள் என்று ஏசுகிறார்களாம். ஆத்தாக்காரி சோறு போடுகிறாள், பேசுவதில்லையாம். மூன்று நாள் முன்பு குழாயடியில் பார்த்தேன். குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றேன். அவள் மெதுவாக, “ஏனுங்க அங்கிள், நான் உங்ககிட்டக் குடுக்கலீங்களா? எங்கியோ உட்டுப்போட்டு, குடுத்ததா நெனச்சுக்கிட்டனுங்களா?” என்று கேட்டாள்.

அவளுக்கு என் மேல் கோபம் இல்லை அன்பு. அவளுக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பெரியவர் ஒருத்தர் இல்லை என்று சொன்னால் இல்லையாகத்தான் இருக்கும் என்று ஒன்பது வயதுப் பிள்ளை நம்புகிறது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பி வழிகிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னைக்கே தெரியுமுங்க” என்றாள். எப்படி என்றேன். “ஊட்டுல ஒரு சிரிப்பு இல்ல, ஒரு கிண்டல் இல்ல. புள்ளைக்கு எழுதற காயிதத்துல மட்டும் சிரிச்சு எழுதறீங்க” என்றாள்.

நாளைக்குச் சாயங்காலம் கறிவேப்பிலை லோடு ஏறின பிறகு பாவாத்தாள் தன் வீட்டுக்கு வருவாள். போகிறேன். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. நாம் எழுதித்தானே அப்பா வி.பி.எஸ்.ஸுக்குப் போனார், நாம் வைத்த ஆணிப் பலகைதானே என்றெல்லாம் நினைத்து நீ அழாதே. பலகை சரியாகத்தான் இருந்தது. எண்ணினவன்தான் சரியில்லை.

உனக்கு இப்படி ஒரு அப்பனைக் கொடுத்ததற்காகக் கர்த்தர் சார்பில் உன்னிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா


காரமடை,
19.6.1997

அன்பு மகளுக்கு,

போனேன். சொன்னேன்.

வழியில் அப்புசாமி சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, “உனக்குப் பைத்தியமா? போன பிள்ளை வந்தருமா?” என்றார். போன பிள்ளைக்காகப் போகவில்லை, இருக்கிற பிள்ளைக்காகப் போகிறேன் என்றேன். இது நான் அந்த இடத்திலேயே சொன்ன பதில் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அங்கே வாய்க்குள் ஏதோ முனகிவிட்டுத்தான் நடந்தேன். உன்னிடம் இனிப் பொய் எழுதக் கூடாது என்று இருக்கிறேன்.

பாவாத்தாள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். “வாங்க” என்றாள். இந்த ஊரில் எமன் வந்தாலும் வாங்க என்றுதானே சொல்வோம். நின்றபடியே எல்லாம் சொன்னேன். எட்டு நாள் வைத்திருந்ததை, மோட்டாரை, நாலு தடவை விழுந்ததை, ஏட்டு முன்னால் சொன்ன பொய்யை. அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள், நாலு பேர் கூடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்காக மேல் துண்டைக்கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். எழிலைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க. இவ காதுல உளுகட்டும்” என்றாள்.

முதல் தடவை சொன்னது பெரிதில்லை அம்மணி. இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எழில் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், “அப்ப நான் குடுத்தனுங்களா?” என்றாள். “குடுத்தே கண்ணு. எங்கையிலதான் குடுத்தே. புடிச்சுக்கோங்கன்னு சொல்லித்தான் குடுத்தே” என்றேன். அவள் ஆத்தாளின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஒரு மாசத்து அழுகை. பாவாத்தாள் அவளை இழுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டு, தான் அடித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஒருத்தன் அங்கே கிடப்பதை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

வெகுநேரம் கழித்துப் பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். “எம்மகளப் பொய்க்காரின்னு நெனைக்க வெச்சுப்போட்டீங்களே. அவன் போனதுகூட ஒருநாள் ஆறுமுங்க, இது ஆறாதுங்க. எந்திரிச்சுப் போங்க” என்றாள். அந்த வயிற்றெரிச்சலிலும் ‘ங்க’ போட்டாள். கல்லை எடுத்து எறிந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

ஸ்டேஷனில் ஏட்டு முதலில் எழுதிக்கொள்ளவே மாட்டேன் என்றார். மூடின கேஸை எதுக்கு நோண்டுகிறாய் என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து எழுதச் சொன்னார். கவனக்குறைவால் மரணம் என்று என் பேரில் மட்டும் போட்டிருக்கிறார்கள். டீச்சர் பெண்களுக்கு இதில் சம்பந்தமில்லை, கேட்டில் உள்ளே விட்டதும் நான், மறைத்ததும் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜாமீனுக்கு ஆயர் ஐயா ஒரு கையெழுத்து, யாரும் எதிர்பார்க்காத பொங்கியண்ணன் ஒரு கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறிப் போனார். கிணற்றைச் சுற்றிச் சுவர் எடுக்கக் கல் வந்து இறங்கியிருக்கிறது.

சபையில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெஞ்சில் நானும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்தோம். காற்றோட்டமாக இருந்தது என்று வைத்துக்கொள். கோர்ட்டுக்கு ஆகஸ்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருசம் வரை போடலாம், போடாமலும் விடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அவருக்கே தெரியாதது எனக்கென்ன தெரியும். நீ லீவு கேட்டு ஓடி வராதே. வேலையை விட்டுவிடாதே. அம்மா தைரியமாக இருக்கிறாள். என் சாப்பாட்டுத் தட்டை இப்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எழில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பாவாத்தாள் வேலைக்குப் போகாமல், தானே கூடப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான் பார்க்கவில்லை. அந்தத் தெருப்பக்கம் நான் போவதில்லை. அம்மா சொன்னாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவாய் அல்லவா? பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நேராக நம் வீட்டுக்கு வராதே. அப்போது நான் வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பெட்டியைக்கூட வைக்க வேண்டாம், பெட்டியோடேயே முதலில் எழில் வீட்டுக்குப் போ. நீ சாலமோன் மகள் என்று பாவாத்தாள் உன்னை வா என்று சொல்லாமல் இருக்கலாம். அப்போதும் வாசலில் நில். எழில் வெளியே வந்தால் என்ன பேசுவாயோ எனக்குத் தெரியாது. அவளுக்கு நீ நல்ல டீச்சராக இருந்தவள். என் பேரை மட்டும் எடுக்காதே. அவள் சொல்லுவதை எல்லாம் கேள். எத்தனை தடவை சொன்னாலும், ஆமாம் கண்ணு, நீ சொல்வதுதான் நிஜம் என்று சொல்லு.

கர்த்தர் அந்தப் பிள்ளையைக் காப்பாராக. உன்னையும்.

அப்பா